பதினொன்று என்று சொன்ன குரல்

1. செருப்போடு போன முதல் நாள்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் போடும் வேலைக்குத்தான் சேர்ந்தேன். ஊட்டி, வேளாங்கண்ணி, திருப்பதி என்று வண்டி வண்டியாக ஆட்களை அனுப்பிவைப்பேன். நான் எங்கேயும் போனதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதலாளி தனசேகர் என் மேஜை முன்னால் வந்து நின்றார். மறுநாள் மலைக்காட்டுக்கு ஒரு குழுவை அழைத்துப்போக வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல்.

"ஸ்டெல்லாம்மா, நீ போய்ட்டு வந்துடு. இன்னா பெரிய வேலை? வண்டில ஏத்துற, எறக்குற, சோறு போடுற, இட்டுகினு வர்ற. அவ்ளோதான்."

"சார், நான் காட்டையே பாத்ததில்ல சார்."

"அவங்க மட்டும் பாத்துகீறாங்களா? அதுக்குத்தான வர்றாங்க. நீயும் சேந்து பாரு."

அதுவரை நான் ஏறியிருந்த ஒரே மலை குன்றத்தூர் முருகன் கோவில் மலை. அதுவும் கூட வேலை பார்த்த வசந்தி வற்புறுத்தினாள் என்று போனது. பாதிப் படியில் உட்கார்ந்து சுண்டல் தின்றுவிட்டு இறங்கிவிட்டேன். ஆகவே மறுநாள் ஆபீசுக்குப் போகிற அதே செருப்போடு காட்டுக்குப் போனேன். அடிவாரத்தில் எங்களுக்காகக் காத்திருந்த வழிகாட்டி காளியப்பன் என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். ஓடையைத் தாண்டும்போது வார் அறுந்தது. தன் துண்டின் ஓரத்தைக் கிழித்து அவர்தான் கட்டிக் கொடுத்தார்.

அந்த மலையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் வருகிற சனிக்கிழமையே பாதிப் பேர் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். தாம்பரத்திலிருந்து விடியற்காலை புறப்பட்டால் வெயில் உச்சிக்கு வருமுன் அடிவாரம் போய்விடலாம், அவ்வளவு போதும். அது காப்புக்காடு. அனுமதி வாங்கித்தான் நுழைய முடியும். வழிகாட்டி இல்லாமல் ஓர் அடி வைக்கக் கூடாது. பாதையை விட்டு விலகக் கூடாது. வெயில் சாய்வதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். பிளாஸ்டிக், பாட்டு, சென்ட் மூன்றும் செக்போஸ்ட்டோடு நின்றுவிடும்.

அந்த முதல் நாளில் ஒரு காய்ந்த குச்சி நடந்து போவதைப் பார்த்தேன். குனிந்து பார்த்தால் அதற்குக் கால்கள் இருந்தன. என் வயது அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இப்படியொரு பூச்சி உலகத்தில் இருப்பது இத்தனை வருஷமாகத் தெரியாமல் போயிற்றே என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. திங்கட்கிழமை முதலாளியிடம் போய், இனிமேல் மலைக்குப் போகிற வண்டிக்கெல்லாம் நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், பாவம் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்பது தெரிந்தது.

அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை அதுதான் என் வேலை. வருகிறவர்களிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பேன்: "எதுக்குக் காட்டுக்கு வந்தீங்க?" வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். ஆபீசில் கட்டாயப்படுத்தினார்கள். டாக்டர் நடக்கச் சொன்னார். ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். குரோம்பேட்டையிலிருந்து வந்த ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் மட்டும், "தெரியலம்மா, அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்" என்றார். அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

2. எண் சொல்லும் வழக்கம்

குழுவை நடத்துவதில் பெரிய தலைவலி ஆள் எண்ணுவது. காட்டில் யாரும் ஒரு இடத்தில் நிற்க மாட்டார்கள். நான் தலையை எண்ண ஆரம்பித்தால் எட்டாவது ஆள் மூன்றாவது ஆளுக்குப் பின்னால் போய் நின்று தண்ணீர் குடிப்பார். மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். வண்டியில் ஏறும்போதே ஆளுக்கு ஓர் எண். வழியில் நான் கையைத் தட்டினால் ஒவ்வொருவரும் தன் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை அறுபடாமல் கடைசிவரை வந்துவிட்டால் எல்லாரும் இருக்கிறார்கள் என்று பொருள். நான் எழுந்து பார்க்கக்கூட வேண்டாம், ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்கலாம். முதலாளிக்கு இதில் ஏகப் பெருமை. மற்ற வண்டிகளிலும் இதையே செய்யச் சொல்லிவிட்டார்.

காளியப்பனுக்கு மட்டும் இது விநோதமாக இருந்தது. அவர் மலைக் கிராமத்துக்காரர், கேள்வி கேட்பதில் என்னையே மிஞ்சியவர். "ஏன்க்கா, தாம்பரத்துல மழ பேஞ்சா வூட்டுக்குப் படகுல போவீங்களாமே, நெசமா?" என்று ஒருமுறை கேட்டு என் வாயை அடைத்தவர்.

"பேரு வெச்சிருக்காங்கல்லக்கா, அப்புறம் எதுக்கு நம்பரு?" என்றார்.

"பேரு ஞாபகம் இருக்காது காளியப்பா. வாரா வாரம் புது ஆளுங்க."

"அதுவும் சரிதான்" என்று விட்டுவிட்டார்.

3. நாவலூர் குழு

நாவலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து பதினான்கு பேர் வந்தார்கள். எல்லாரும் ஒரே டீம், ஒரே மாதிரி மஞ்சள் டி-ஷர்ட். டீம் லீட் அரவிந்த். துறுதுறுப்பான பையன், எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பான். அவன் சிரிக்க வைப்பதற்கு எப்போதும் ஒரு ஆள் தேவைப்பட்டது. அன்றைக்கு அந்த ஆள் ஹேமா.

ஹேமா பதினொன்றாம் எண். ஒல்லியாக, மூக்குக்கண்ணாடி போட்ட பெண். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து தினமும் ஆபீசுக்கு வந்துபோகிறவள் என்று வண்டியில் பேச்சுக் கொடுத்தபோது தெரிந்தது. எதற்கு வந்தாய் என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்க பஸ்ல போறப்ப தூரத்துல மலை தெரியும் மேம். பக்கத்துல போனா எப்படி இருக்கும்னு பாக்கணும்" என்றாள்.

அவள் நடை மெதுவில்லை. ஆனால் நின்று நின்று பார்ப்பாள். செக்போஸ்ட்டைத் தாண்டியதும் ஒரு புற்றின் முன்னால் நின்றுவிட்டாள். நான் கை தட்டினேன். பத்து வரை வந்தது, பதினொன்று வரவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மச்சான், லெவன் லோடிங்டா" என்றான் அரவிந்த். எல்லாரும் சிரித்தார்கள். ஹேமா ஓடிவந்து, "பதினொன்று" என்றாள். முகம் சிவந்திருந்தது.

மூங்கில் புதரிடம் மறுபடி அதே கதை. "இவளை விட்டா அடுத்த ரிலீஸுக்குத்தான் மேல போய்ச் சேருவோம்." மறுபடி சிரிப்பு. நானும் லேசாகச் சிரித்ததாகத்தான் ஞாபகம். பேச்சு வேடிக்கையாகத்தான் இருந்தது. அவளுக்குப் பக்கத்தில் நடந்த திவ்யா மட்டும் சிரிக்கவில்லை. திவ்யா பன்னிரண்டாம் எண். ஆபீசில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த ஸீட்டாம்.

ஓடையில் எல்லாரும் முகம் கழுவினார்கள், குரூப் ஃபோட்டோ எடுத்தார்கள். கை தட்டினேன், பதினான்கும் வந்தது. ஓடையைத் தாண்டினால் நீண்ட ஏற்றம். ஏற்றத்தில் வழக்கமாகக் காளியப்பன் முன்னால் போவார், கடைசி ஆள் நான். ஆனால் அரவிந்தும் இன்னும் இரண்டு பேரும் யார் முதலில் ஏறுவது என்று பந்தயம் கட்டி ஓடிவிட்டார்கள். "அக்கா, நீங்க முன்ன வந்து மத்தவங்கள நிறுத்தி நிறுத்திக் கூட்டியாங்க, நான் போயி அவங்களப் புடிக்கறேன்" என்று காளியப்பன் ஓடினார். நான் கடைசியிலிருந்து முன்னால் போனேன்.

ஏற்றம் முடிகிற இடத்தில் ஒரு பெரிய மரம் பாதைக்குக் குறுக்கே சாய்ந்து கிடக்கும். அங்கே ஓடிப்போனவர்களையும் பிடித்தாகிவிட்டது. எல்லாரும் வந்துசேர்ந்ததும் கை தட்டினேன். ஒன்று முதல் பதினான்கு வரை தடங்கலில்லாமல் வந்தது. பரவாயில்லை, இந்த முறை ஹேமா நேரத்துக்கு வந்துவிட்டாளே என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி கடைசி ஆளாக நின்று அவர்களை மேலே நடத்திக்கொண்டு போனேன்.

4. மீந்த பொட்டலம்

உச்சியில் ஒரு மொட்டைப் பாறை. அங்கேதான் சாப்பாடு. எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வாழையிலையில் கட்டித் தாம்பரத்திலேயே ஒரு மெஸ்ஸில் வாங்கிவிடுவோம். பசியில் எல்லாரும் பறந்தார்கள். பையைத் திறந்து கை நீட்டியவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். வழிகாட்டிக்கு ஒன்று, எனக்கு ஒன்று எடுத்தபிறகும் பையில் ஒரு பொட்டலம் இருந்தது.

மெஸ்காரர் ஒன்று கூடுதலாகப் போட்டுவிட்டாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு நொடிகூட நிற்கவில்லை. அந்த மனிதர் ஊறுகாய் கூடுதலாகக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பவர்.

கை தட்டினேன். வாயில் சோற்றோடு எண் சொன்னார்கள். பத்து வந்தது. அதற்கப்புறம் சத்தமில்லை. வழக்கப்படி யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"சிரிக்காதீங்க. ஹேமா எங்க?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாறை வெட்டவெளி. ஒளிந்துகொள்ள ஒரு புதர்கூடக் கிடையாது.

"சாய்ஞ்ச மரத்துகிட்ட எண் சொன்னோம்ல? அங்க பதினொண்ணு வந்துச்சே. யாரு சொன்னது?"

திவ்யா எழுந்து நின்றாள். கையிலிருந்த இலையைக் கீழே வைத்தாள். "நான்தான் மேம் சொன்னேன்."

"நீயா?"

"காலேஜ்ல அட்டென்டன்ஸுக்கு ப்ராக்ஸி குடுப்போம்ல மேம், அந்த மாதிரி. அவ பின்னாடி வந்துகிட்டு இருக்கான்னு நெனச்சேன். ஒரு நிமிஷத்துல வந்துருவா, அதுக்குள்ள மறுபடி எல்லாரும் அவளைக் கலாய்ப்பாங்களேன்னு… அப்புறம் வந்துட்டான்னே நெனச்சுட்டேன் மேம்."

கோபம் வந்தது, ஆனால் யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கெட்ட எண்ணத்தில் யாரும் எதுவும் செய்யவில்லை. அரவிந்தைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காளியப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஓடைக்கும் சாய்ந்த மரத்துக்கும் நடுவில் ஒரு குண்டுப் பாறை இருக்கிறது. அங்கிருந்து ஒரு மாட்டுத்தடம் மலையின் மறுபக்கம் இறங்கும். புதிதாக வருபவர்களுக்கு அதுதான் பாதை மாதிரித் தெரியும், அகலமாக இருக்கும்.

"அந்தப் பொண்ணு தனியா வந்து அதுல எறங்கியிருந்தா பேஜாருக்கா. அந்தப் பக்கம் கரடி தங்கற பொடவு இருக்குது. வெயில் தாழ்ந்தா வெளிய வரும்."

"எறங்காம இருந்தா?"

"ஓடப் பக்கந்தான் எங்கியாச்சும் நிக்கும். நான் ஒருத்தன். எந்தப் பக்கம் முதல்ல பாக்கறதுன்னு சொல்லுங்க. ரெண்டு பக்கமும் பாக்க வெளிச்சம் பத்தாது."

யாருடைய ஃபோனிலும் சிக்னல் இல்லை. கத்தினால் காது கேட்கிற தூரமும் இல்லை.

5. ஃபோட்டோவின் ஓரத்தில்

"ஹேமாவைக் கடைசியா யாரு பாத்தீங்க?"

ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவன் மூங்கில் புதரில் என்றான். இன்னொருத்தி, "இங்க வர்ற வரைக்கும் கூடத்தான வந்தா?" என்றாள். பதினொன்று என்று குரல் கேட்டுவிட்டதால், அவளைப் பார்த்ததாகவே எல்லாருக்கும் ஒரு நினைப்பு.

ஃபோட்டோவைப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது பெரிய புத்திசாலித்தனத்தால் இல்லை. காலையிலிருந்து இவர்கள் செய்த ஒரே வேலை அதுதான் என்கிற எரிச்சலில்தான். எல்லா ஃபோனையும் பாறைமேல் வரிசையாக வைக்கச் சொன்னேன்.

ஹேமாவை மட்டும் தனியாக யாரும் ஒரு படம்கூட எடுத்திருக்கவில்லை. ஆனால் மற்றவர்களின் படங்களின் ஓரத்தில் அவள் இருந்தாள். ஓடையில் எடுத்த குரூப் ஃபோட்டோவில் பதின்மூன்று பேர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஹேமா மட்டும் அண்ணாந்து மேலே பார்க்கிறாள். ஓடையைத் தாண்டியதும் பிரவீன் என்கிற பையன் எடுத்த செல்ஃபியில், அவன் தோளுக்குப் பின்னால் சின்னதாக ஒரு மஞ்சள் டி-ஷர்ட். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, பாதைக்கு முதுகைக் காட்டி, மறுபடி மேலேதான் பார்க்கிறாள்.

அதற்கடுத்து குண்டுப் பாறை. அந்தப் பாறையைத் தன் தோளில் தாங்குவது மாதிரி நின்று படம் எடுக்காமல் யாருமே நகர்ந்ததில்லை. காட்டில் எனக்குப் பிடிக்காத வழக்கங்களில் அது ஒன்று, நேரம் வீணாகும். அன்றைக்கு அதற்காகக் கடவுளுக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். முன்னால் ஓடிப்போன மூன்று பேரைத் தவிர எல்லாரும் அங்கே பாறையைத் தாங்கியிருந்தார்கள். ஹேமா இல்லை. பின்னணியில்கூட இல்லை.

"அப்படின்னா நாம குண்டுப் பாறைக்கு வந்தப்பவே அவ நம்மகூட இல்ல" என்றேன்.

"அப்புறமா தனியா வந்து மாட்டுத்தடத்துல எறங்கியிருக்கலாமே" என்றார் காளியப்பன். அதுவும் நியாயம்தான்.

அரவிந்த் பிரவீனின் ஃபோனை எடுத்துக்கொண்டு ஒதுங்கி உட்கார்ந்திருந்தான். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். "மேம், இவ எல்லா ஃபோட்டோலயும் மேலதான் பாக்குறா. என்னத்தப் பாக்குறா?" என்று ஃபோனை என்னிடம் நீட்டினான். "இந்தக் கிளைல தொங்குது பாருங்க. இது என்ன, வேரா?"

படத்தின் மேல் மூலையில் கருப்பாக, நீளமாக ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. காளியப்பன் எட்டிப் பார்த்தார்.

"வால் சார். மல அணிலு. வாயில எல வெச்சிருக்குது பாருங்க. கூடு கட்டுது."

"கூடு கட்டுனா எவ்வளவு தூரம் போகும்?" என்றேன்.

"தூரமெல்லாம் போவாதுக்கா. அந்த நாலஞ்சு மரத்துக்குள்ளதான் போயிப் போயி வரும்."

நான் முடிவெடுத்தேன். சரியாக இருக்கும் என்கிற நிச்சயம் எனக்கு இல்லை. ஓடையிலும் பார்த்து, ஓடையைத் தாண்டியும் நின்று பார்த்த பெண் சீக்கிரத்தில் அதை விட்டு வரமாட்டாள் என்று மட்டும் தோன்றியது. நானாக இருந்தால் வரமாட்டேன். "ஓடைப் பக்கம் போவோம்" என்றேன்.

6. இறங்கும் வழி

வழிகாட்டி இல்லாமல் யாரையும் பாறையில் விட்டுவிட்டுப் போக முடியாது. அதனால் எல்லாரும் இறங்கினோம். கத்த வேண்டாம் என்று காளியப்பன் சொல்லியிருந்தார். அவள் பதில் குரல் கொடுத்தால் நமக்குக் கேட்க வேண்டும்.

காலையிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்த கூட்டம் வாயைத் திறக்கவில்லை. வழியின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஏறும்போது ஒருவர் கண்ணிலும் படாததெல்லாம் இப்போது பட்டது. ஒரு பெண் என் கையைத் தொட்டு, மரத்துக்கு மரம் தாவுகிற மந்திக் கூட்டத்தைக் காட்டினாள். இன்னொருவன் குனிந்து ஏதோ பழத்தின் கொட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தான். பயத்தில்தான் பார்த்தார்கள். ஆனாலும் பார்த்தார்கள்.

குண்டுப் பாறையில் காளியப்பன் மாட்டுத்தடத்தில் கொஞ்ச தூரம் இறங்கிப் பார்த்தார். ஒரு புற்று உடைந்து கிடந்தது, மண் ஈரம் காயவில்லை. கரடி தோண்டியது என்று அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன். திவ்யா என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பவும் ஓடப் பக்கந்தானாக்கா?" என்றார்.

"ஓடைப் பக்கம்தான்."

அங்கிருந்து ஓடை வரை நடந்தது என் வாழ்க்கையிலேயே நீளமான நடை. அவள் அங்கே இல்லாவிட்டால், மிச்சமிருந்த வெளிச்சத்தையும் நான் தின்றுவிட்டேன் என்று ஆகும். சிங்கப்பெருமாள் கோவிலில் அவளுடைய அம்மாவின் முகம் எப்படியிருக்கும் என்று வேண்டாத கற்பனையெல்லாம் வந்தது. ஓடைச் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் காளியப்பன் படத்தில் பார்த்த மரங்களைத் தேடிப் பாதையை விட்டு வலது பக்கம் விலகினார், நாங்கள் பின்னால் போனோம்.

ஒரு பாறையின் மறைவில் மஞ்சளாகத் தெரிந்தது. ஹேமா சம்மணம் போட்டு உட்கார்ந்து, கழுத்தை வளைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். திவ்யா "ஏய்!" என்று ஓடப்போனாள். எங்களைப் பார்த்த ஹேமா உதட்டில் விரலை வைத்து, மேலே கையைக் காட்டினாள்.

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, முதுகில் ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் மேலே பார்த்தேன்.

செம்பட்டை உடம்பும் கருத்த வாலுமாக, ஒரு பூனை அளவு பெரிய அணில். கிளை நுனிக்குப் போய் இலையோடு ஒரு குச்சியைக் கடித்து ஒடித்தது. வாயில் கவ்விக்கொண்டு தாவி வந்து கவட்டையில் செருகியது. செருகியது நழுவிக் கீழே விழுந்தது. அணில் குனிந்து விழுந்த இடத்தைப் பார்த்தது. பிறகு திரும்பிப் போய் வேறொன்றை ஒடிக்க ஆரம்பித்தது.

"கீழ விழுந்தத ஏன் எடுக்கல?" என்று அரவிந்த் கிசுகிசுத்தான்.

"அதான் நானும் பாக்கறேன்" என்றாள் ஹேமா. "ஒரு தடவகூட எடுக்கல."

எல்லாரும் காளியப்பனைப் பார்த்தோம். "எனக்கும் தெரியாது. பல வாட்டி பாத்திருக்கேன், யோசிச்சதில்ல" என்றார். கொஞ்ச நேரம் எல்லாரும் அங்கேயே அண்ணாந்து நின்றோம்.

பிறகு பாதைக்கு வந்ததும் ஹேமாவுக்குச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன், "தனியா மாட்டிக்கிட்டமேன்னு பயமா இல்லையா உனக்கு?"

"இல்ல மேம். திரும்பிப் பாத்தப்ப யாரும் இல்ல. வழி தவறினா நின்ன எடத்துலயே நில்லுங்கன்னு காலைல நீங்கதான சொன்னீங்க. அதான் அங்கயே உக்காந்துட்டேன். அடுத்த எடத்துல நம்பர் சொல்லுவீங்க, பதினொண்ணு வரலன்னா உடனே வந்துருவீங்கன்னு தெரியும்."

திவ்யா அழுதுகொண்டே தான் செய்ததைச் சொன்னாள். ஹேமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அதுவரை இல்லாத பயம் அப்போதுதான் அவள் முகத்தில் வந்தது. பாதையை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப இவ்ளோ நேரம் என்னை யாரும் தேடவே இல்லையா?"

"உன்னைக் கலாய்ப்பாங்களேன்னுதான்டி…"

"கலாய்ச்சா கலாய்ச்சுட்டுப் போறாங்க. நான் இல்லன்னு தெரியணும்ல?"

அவள் குரலை உயர்த்தவில்லை. அரவிந்த் அவளுடைய பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். வெயில் சாய்வதற்குச் சற்றுமுன் செக்போஸ்ட்டைத் தாண்டினோம். வண்டியில் ஏறும்போது யாரையும் எண் சொல்லச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஸீட்டாகப் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

7. அதற்குப் பிறகு

மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லி, எண் சொல்லும் வழக்கத்தை நிறுத்தப்போகிறேன் என்றேன்.

"இன்னா ஸ்டெல்லாம்மா, ஒரு தபா மிஸ் ஆச்சுன்னா மொத்தமா தூக்கிப் போட்டுடுவியா? நல்லாத்தான போய்கினு இருந்துச்சு?"

"சார், நம்பரை யாரு வேணா சொல்லிடலாம் சார்."

"அப்ப இன்னா பண்ணப்போற?"

என்ன செய்வது என்று அப்போது எனக்கே தெரியாது. அடுத்தடுத்த பயணங்களில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்ததில் ஒன்று நிலைத்தது. கை தட்டினால் யாரும் தன்னைப் பற்றிச் சொல்லக் கூடாது. தனக்கு முன்னால் நடப்பவரின் பெயரையும், அவர் கடைசியாக எதைப் பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். நேரம் பிடிக்கும். சிலர் முணுமுணுப்பார்கள். சில குழுக்களை மொட்டைப் பாறை வரை கூட்டிப்போக முடியாமல் பாதியிலேயே திரும்பியிருக்கிறோம். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் தடுக்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கணக்கு சரியாக வந்துவிட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். எழுந்துபோய் ஆளைப் பாருங்கள். நாம் எண்ணுவோம் என்கிற நம்பிக்கையில் ஒருவர் காட்டுக்குள் பயமில்லாமல் உட்கார்ந்திருப்பார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாகக் கூட்டிப்போனது சேலையூரில் ஒரு சர்ச் குழு. ஏற்றத்தின் நடுவில் கை தட்டினேன். வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஓர் அம்மாளின் முறை வந்தது.

"எனக்கு முன்னாடி ஜெபராஜ் அண்ணன். இப்ப எனக்குப் பின்னாடி ஆயிட்டார். அதோ அந்த வளைவுல எதையோ பாத்து நின்னுட்டார், கூப்பிட்டேன், வரல."

"எதைப் பாத்து நிக்கிறார்?"

"தெரியலையேம்மா."

யாரும் சிரிக்கவில்லை. அவர் எதைப் பார்க்கிறார் என்று பார்க்க எல்லாருமாகத் திரும்பிக் கீழே இறங்கினோம்.